அடிமனை யார் கையில்? பாஸ்டன் டட்லி ஸ்ட்ரீட்: ஒரு நிகழ்வு ஆய்வு

1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பாஸ்டன் நகர மையத்திலிருந்து இரண்டு மைலுக்கும் குறைவான தொலைவில், ராக்ஸ்பரியும் வடக்கு டார்செஸ்டரும் சேரும் டட்லி ஸ்ட்ரீட் பகுதியில் சுமார் 1,300 மனைகள் காலியாகக் கிடந்தன. பெரும்பாலானவை ஒரு காலத்தில் வீடு நின்ற மனைகள். சில வீடுகள் எரிந்துபோயின, சில இடிக்கப்பட்டன. வெறும் மண்ணாகக் கிடந்த அந்த இடங்களுக்கு இரவு நேரத்தில் வெளியூர் லாரிகள் வந்து உடைந்த குளிர்பதனப் பெட்டிகளையும் டயர்களையும் கட்டட இடிபாடுகளையும் கொட்டிவிட்டுப் போயின. குடியிருப்பவர்கள் காலையில் எழுந்தால் ஜன்னலுக்கு வெளியே வேறு யாருடைய குப்பையோ கிடக்கும்.

இன்று அந்த மனைகளில் பாதிக்கு மேல் வீடாகவும் தோட்டமாகவும் பூங்காவாகவும் மாறிவிட்டன. ஏழைப் பகுதி ஒன்று சீரான கதை உலகில் வேறு எங்கும் நடக்காதது அல்ல. ஆனால் பெரும்பாலான இடங்களில் தெரு சீரானதும் வாடகை ஏறும், வாடகை ஏறியதும் பழைய குடும்பங்கள் கிளம்ப வேண்டியிருக்கும். டட்லியில் ஒரு பகுதி நிலத்திலாவது அது நடக்காதபடி முன்கூட்டியே பார்த்துக்கொண்டார்கள். அதை எப்படிச் செய்தார்கள், எந்த வரிசையில் செய்தார்கள், எங்கே முடியாமல் போனது என்பதுதான் இந்த ஆய்வு.

தெரு தானாகச் சாகவில்லை

டட்லி பகுதி நலிந்ததை 'காலப்போக்கில் சீரழிந்தது' என்று எழுதுவது எளிது. அது உண்மையில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் அதில் யாரோ லாபமும் பார்த்திருக்கிறார்கள்.

1930களில் அமெரிக்க மத்திய அரசின் வீட்டுக் கடன் அமைப்பு ஒன்று நகரங்களைத் தரம் பிரித்து வரைபடம் தயாரித்தது. கடன் கொடுப்பது ஆபத்து என்று கருதிய பகுதிகளுக்குச் சிவப்பு நிறம். ராக்ஸ்பரியின் பெரும்பகுதி சிவப்பில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கிருந்த ஐரிஷ், யூத, இத்தாலியக் குடும்பங்கள் அரசு உத்தரவாதம் பெற்ற கடனில் புறநகரங்களுக்குக் குடிபோயின. தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்களும், பின்னர் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வெர்டி தீவுகளிலிருந்தும் வந்தவர்களும் அந்த இடத்தை நிரப்பினார்கள். அவர்கள் வங்கிக்குப் போனால் வீடு வாங்கவும் கடன் இல்லை, கூரையை மாற்றவும் கடன் இல்லை.

1968-ல் பாஸ்டன் வங்கிகள் சில கூட்டாகச் சேர்ந்து கறுப்பினக் குடும்பங்களுக்கு வீட்டுக் கடன் கொடுக்க முன்வந்தன. கேட்க நல்ல செய்திதான். ஆனால் வரைபடத்தில் அவர்கள் போட்ட ஒரு கோட்டுக்குள் வாங்கினால்தான் கடன். அந்தக் கோட்டுக்குள் அப்போது இருந்தவை பெரும்பாலும் யூதக் குடியிருப்புகள். வீட்டுத் தரகர்கள் ஒரு பக்கம் யூதக் குடும்பங்களைப் பயமுறுத்தி மலிவாக விற்க வைத்தார்கள், மறுபக்கம் கறுப்பினக் குடும்பங்களிடம் அதே வீட்டைக் கூடுதல் விலைக்குத் தள்ளினார்கள். பழுதான வீடு, சமாளிக்க முடியாத தவணை என்று சில ஆண்டுகளிலேயே பலரும் வீட்டை இழந்தார்கள்.

வாடகை வீட்டு உரிமையாளர்கள் வேறு வழியில் போனார்கள். பராமரிப்பை நிறுத்தி, வாடகையை மட்டும் கறந்து, கடைசியில் கட்டடம் எதற்கும் ஆகாது என்ற நிலை வந்ததும் தீ. காப்பீட்டுப் பணத்துக்காக வைத்த தீ ராக்ஸ்பரியில் அன்று ரகசியமே இல்லை. எரிந்த கூட்டை மாநகராட்சி இடித்துத் தள்ளும். வரி பாக்கியோடு மனை அப்படியே கிடக்கும்.

அரசுத் திட்டங்களும் தம் பங்குக்கு வந்தன. நகர மையத்தை ஒட்டிய வெஸ்ட் எண்ட் என்ற முழுக் குடியிருப்பையே 1958 முதல் 'நகரப் புதுப்பிப்பு' என்ற பெயரில் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ராக்ஸ்பரி வழியாக ஒரு நெடுஞ்சாலை போட வீடுகளை அகற்றினார்கள். மக்கள் எதிர்ப்பால் 1970-ல் ஆளுநர் ஃபிரான்சிஸ் சார்ஜென்ட் அந்தச் சாலைத் திட்டத்தை நிறுத்தி வைத்தார், பின்னர் அது கைவிடவும்பட்டது. ஆனால் இடித்த வீடுகள் திரும்பி வரவில்லை. டட்லி வழியாகப் போன உயர்மட்ட ரயில் பாதையையும் 1987-ல் மூடி வேறு தடத்துக்கு மாற்றினார்கள். அதற்கு ஈடாகச் சொன்ன சில்வர் லைன் என்ற பேருந்துச் சேவை 2002-ல்தான் வந்தது.

இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் இந்த மக்கள் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் இந்த அனுபவம் இருக்கிறது. வங்கியையும் நம்ப முடியாது, மாநகராட்சியையும் நம்ப முடியாது, 'மேம்பாடு' என்று சொல்லிக்கொண்டு வருபவரை அதைவிட நம்ப முடியாது என்று அவர்களுக்கு அடிபட்டுத் தெரிந்திருந்தது.

மேடையில் இருப்பவர்களில் இங்கே குடியிருப்பவர் யார்?

கதை ஒரு சின்ன விண்ணப்பத்தில் தொடங்குகிறது. லா அலியான்சா ஹிஸ்பானா என்ற லத்தினோ (லத்தீன் அமெரிக்க வழிவந்தோர்) சமூக சேவை அமைப்பு, தன் கட்டடத்தைச் சீரமைக்க நிதி கேட்டு மேபல் லூயிஸ் ரைலி அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தது. 1984-ல் அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் நேரில் பார்க்க வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது அந்தக் கட்டடத்தைவிடச் சுற்றியிருந்த தெருக்கள்தான். நிதியைப் பல இடங்களுக்குத் துண்டு துண்டாகக் கொடுப்பதை விட்டு, இந்த ஒரு பகுதிக்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து கொடுக்கலாம் என்று முடிவெடுத்தார்கள்.

பகுதியில் இயங்கிய சேவை அமைப்புகளைக் கூட்டி, ஒரு நிர்வாகக் குழுவைத் திட்டமிட்டு, 1985 பிப்ரவரியில் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தில் பொதுக்கூட்டம் போட்டு அறிவித்தார்கள். நல்ல நோக்கம், நல்ல பணம், நல்ல ஆட்கள். ஆனால் முன்வைத்த நிர்வாகக் குழுவில் குடியிருப்பவர்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான் இருந்தன. மீதி எல்லாம் அமைப்புகளுக்கு.

கூட்டத்தில் இருந்தவர்கள் எழுந்து கேட்டார்கள்: மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேர் இந்தத் தெருக்களில் குடியிருக்கிறீர்கள்? எங்களுக்காக முடிவெடுக்க உங்களை யார் அழைத்தது?

இதே கேள்வி எத்தனையோ ஊர்களில், எத்தனையோ கூட்டங்களில் எழுந்திருக்கும். 'உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்' என்ற பதிலோடு கூட்டம் கலைந்திருக்கும். இங்கே நடந்தது வேறு. மேடையில் இருந்தவர்கள் திட்டத்தை நிறுத்திவிட்டு, குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து நிர்வாகக் குழுவை மறுபடியும் வகுத்தார்கள். புது வடிவத்தில் 31 இடங்கள், குடியிருப்பவர்களே பெரும்பான்மை. பணம் கொடுத்த அறக்கட்டளை அதற்குச் சம்மதித்தது. இந்த முழுக் கதையிலும் ரைலி அறக்கட்டளை செய்த மிகப் பெரிய உதவி அதன் பணத்தைவிட இந்தச் சம்மதம்தான் என்பது என் கருத்து. இப்படிப் பிறந்த அமைப்புதான் டட்லி ஸ்ட்ரீட் நெய்பர்ஹுட் இனிஷியேட்டிவ், சுருக்கமாக டிஎஸ்என்ஐ.

இன்னொரு ஏற்பாடும் கவனிக்க வேண்டியது. பகுதியில் நான்கு பிரிவினர் இருந்தார்கள்: கறுப்பினத்தவர், கேப் வெர்டியர், லத்தினோக்கள், வெள்ளையர். எண்ணிக்கை சமமில்லை. ஆனாலும் நான்கு பிரிவுக்கும் சம இடம் என்று முடிவு செய்தார்கள். மக்கள்தொகைக்கு ஏற்றபடி பிரித்திருந்தால் யார் எத்தனை பேர் என்ற சண்டையிலேயே முதல் வருடம் போயிருக்கும். சம இடம் என்றதும் எந்தப் பிரிவும் தனியாக எதையும் நிறைவேற்ற முடியாது, பக்கத்துப் பிரிவைப் பேசிச் சம்மதிக்க வைத்தே ஆக வேண்டும். கூட்டங்கள் ஆங்கிலத்தோடு ஸ்பானியத்திலும் கேப் வெர்டியன் கிரியோலிலும் மொழிபெயர்க்கப்பட்டன. இது செலவு பிடிக்கிற, நேரம் தின்கிற வேலை. அதை விட்டிருந்தால் பாதிப் பேர் வாய் திறக்காமலே உட்கார்ந்துவிட்டுப் போயிருப்பார்கள். பின்னாளில் இளைஞர்களுக்கும் நிர்வாகக் குழுவில் இடம் வந்தது. கேப் வெர்டியக் குடும்பத்திலிருந்து வந்த ஜான் பாரோஸ் பதின்ம வயதில் அப்படித் தேர்வாகி, பின்னர் அமைப்பின் இயக்குநராகி, 2013-ல் பாஸ்டன் மேயர் தேர்தலிலும் நின்றார்.

திட்டத்துக்கு முன்னால் குப்பை

பெரிய வரைபடம் போடுவதற்கு முன், அமைப்பின் ஆட்கள் வீடு வீடாகப் போய் எது முதலில் வேண்டும் என்று கேட்டார்கள். வேலை, வீடு, பாதுகாப்பு என்று எல்லாம் வந்தன. ஆனால் எல்லாருக்கும் பொதுவாக, உடனே கோபம் வரும்படி இருந்தது குப்பை.

1986 கோடையில் 'எங்கள் மேல் கொட்டாதே' என்ற இயக்கம் தொடங்கியது. ஒரே சொற்றொடரில் இரண்டு புகார்: மனையில் குப்பை கொட்டாதே, எங்களை மட்டமாக நடத்தாதே. குடியிருப்பவர்கள் தாங்களே மனைகளைச் சுத்தம் செய்தார்கள், மாநகராட்சி அதிகாரிகளைக் கூட்டத்துக்கு வரவழைத்து நிற்க வைத்துக் கேட்டார்கள். பகுதிக்குள் விதிமீறி இயங்கிய குப்பை மாற்று நிலையங்கள்தான் பெரிய தலைவலி. வீடுகளுக்கு நடுவே லாரியிலிருந்து லாரிக்குக் குப்பை மாற்றுகிற இடங்கள் அவை. நாற்றமும் எலியும் அங்கிருந்துதான். மாநகராட்சி கடைசியில் அவற்றை மூடியது. தெருவில் கைவிடப்பட்டுக் கிடந்த கார்களை இழுத்துப் போனார்கள்.

மேயர் ரே ஃபிளின் ஏன் இறங்கி வந்தார்? அவர் 1983 தேர்தலில் கறுப்பினத் தலைவர் மெல் கிங்கை வென்று வந்தவர். நகர மையத்தின் உயர்ந்த கட்டடங்களைவிட அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளுக்கே முன்னுரிமை என்று சொல்லி வாக்குக் கேட்டவர். அதோடு 1986 நவம்பரில் ஒரு வாக்கெடுப்பு வந்தது. ராக்ஸ்பரியையும் சுற்றுப்பகுதிகளையும் பாஸ்டனிலிருந்து பிரித்து 'மண்டேலா' என்று தனி நகரமாக்க வேண்டும் என்பது கேள்வி. ஃபிளின் எதிர்த்துப் பிரசாரம் செய்தார், தீர்மானம் பெரிய வித்தியாசத்தில் தோற்றது. தோற்றாலும், 'இந்த மாநகராட்சி எங்களை மனிதராக மதிக்கவில்லை' என்ற குற்றச்சாட்டு ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. அந்த நேரத்தில் டட்லியிலிருந்து செய்யக்கூடிய ஒரு கோரிக்கையோடு ஆட்கள் வந்து நின்றால் மேயர் மறுக்க முடியாது. டிஎஸ்என்ஐ அந்தக் காலநேரத்தைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டது.

குப்பை இயக்கத்தின் உண்மையான பலன் சுத்தமான மனைகள் மட்டும் இல்லை. மூன்று மாதம் கூட்டத்துக்கு வந்த ஒரு பாட்டிக்கு, தான் சொன்னது நடந்தது என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அடுத்த கூட்டத்துக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வருவார். நிலம் எடுப்பது, சட்டம், கடன் என்று இரண்டு வருடம் பிடிக்கிற விஷயங்களைப் பேசுவதற்கு அப்படிப்பட்ட கூட்டம் தேவை.

1987-ல் குடியிருப்பவர்களே ஆலோசகரைத் தேர்ந்தெடுத்து, அவரோடு உட்கார்ந்து பகுதிக்கான முழுத் திட்டத்தைத் தயாரித்தார்கள். மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது. அதற்குச் சற்று முன்பு, மாநகர மறுவளர்ச்சி ஆணையம் அலுவலகம், ஹோட்டல் என்று டட்லி சதுக்கத்துக்கு யாரையும் கேட்காமல் போட்ட வரைவுத் திட்டம் ஒன்று வெளியே கசிந்திருந்தது. தங்கள் திட்டத்தைத் தாங்களே எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதிவிடுவார்கள் என்று புரிய அதுவே போதும்.

நிலம்

இந்த நிகழ்வின் மையம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பகுதியின் நடுவில் 64 ஏக்கர் முக்கோணம் ஒன்று. அதில் ஏறக்குறைய பாதி, அதாவது 30 ஏக்கர், காலி. இந்த 30-ல் பாதி மாநகராட்சிக்குச் சொந்தம், வரி பாக்கிக்காக வந்து சேர்ந்தது. மீதி தனியாருக்கு. ஆனால் இந்த இரண்டு பாதியும் தனித்தனியாக இல்லை. சதுரங்கப் பலகையில் கறுப்பும் வெள்ளையும் போலக் கலந்து கிடந்தன. ஒரு மனை மாநகராட்சியுடையது, அடுத்தது புளோரிடாவில் இருக்கும் யாருடையதோ, அதற்கடுத்தது மாநகராட்சியுடையது, அதற்கடுத்ததன் உரிமையாளர் இறந்துபோய் வாரிசு யார் என்றே தெரியாது. மாநகராட்சி தன் மனைகளை எல்லாம் இலவசமாகக் கொடுத்தாலும் அதில் வரிசையாக வீடு கட்ட முடியாது. ஒரு வீடு கட்டினால் பக்கத்தில் ஒரு குப்பை மனை இருக்கும். யாராவது கட்டத் தொடங்கினால் பக்கத்து மனைக்காரர் விலையை ஏற்றிவிட்டுக் காத்திருப்பார்.

இதற்கு ஒரே வழி, பொது நோக்கத்துக்காகத் தனியார் நிலத்தை உரிய இழப்பீடு கொடுத்து எடுக்கிற நில எடுப்பு அதிகாரம். அது அரசின் அதிகாரம். அதையே குடியிருப்பவர்களின் அமைப்புக்குக் கொடுங்கள் என்று டிஎஸ்என்ஐ கேட்டது. மாசச்சூசெட்ஸ் மாநிலச் சட்டத்தின் 121ஏ பிரிவில் 'நகர மறுவளர்ச்சி நிறுவனம்' என்று ஒன்றை அமைத்தால், மறுவளர்ச்சி ஆணையம் அதற்கு இந்த அதிகாரத்தை வழங்கலாம் என்று வழக்கறிஞர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். வழக்கமாகப் பெரிய கட்டுமான நிறுவனங்கள் பயன்படுத்துகிற பிரிவு அது.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. வெஸ்ட் எண்டை அழித்ததும் இதே அதிகாரம்தான், நெடுஞ்சாலைக்கு வீடுகளை எடுத்ததும் இதே அதிகாரம்தான். 'நில எடுப்பு' என்று கேட்டாலே பலருக்கும் வயிற்றைக் கலக்கியது. அதை எப்படித் தாண்டினார்கள்? காலி மனையை மட்டும் எடுப்போம், யாரும் குடியிருக்கும் வீட்டைத் தொட மாட்டோம் என்று எல்லையை வெளிப்படையாக எழுதி வைத்தார்கள். அப்புறம் அதைத் தெருத்தெருவாகப் போய், பல மொழிகளில், வீட்டு வாசலில் நின்று விளக்கினார்கள். ஆயுதம் அதேதான், பிடித்திருக்கிற கை வேறு. அந்தக் கையைத் தேர்தலில் மாற்றவும் முடியும். அந்த வாக்குறுதியை மக்கள் நம்பினார்கள் என்றால், குப்பை இயக்கத்தில் சம்பாதித்த நம்பிக்கைதான் காரணம்.

1988-ல் டிஎஸ்என்ஐ இயக்குநராக வந்தவர் கஸ் நியூபோர்ட். கலிபோர்னியாவின் பெர்க்லி நகர முன்னாள் மேயர். மாநகராட்சிக்காரர்கள் எதற்குப் பயப்படுவார்கள் என்று உள்ளிருந்தே தெரிந்தவர். ஆணையத்தின் இயக்குநர் ஸ்டீபன் கோய்லும் மேயர் ஃபிளின்னும் ஆதரித்தார்கள். 1988 நவம்பரில் ஆணையம் வாக்களித்தது: முக்கோணத்தில் உள்ள காலி நிலத்தை எடுக்கும் அதிகாரம் டிஎஸ்என்ஐ உருவாக்கிய டட்லி நெய்பர்ஸ் இன்கார்பரேட்டட் என்ற நிறுவனத்துக்கு. அமெரிக்காவில் ஒரு குடியிருப்போர் அமைப்புக்கு இந்த அதிகாரம் கிடைத்தது அதுவே முதல் முறை.

அதிகாரம் கிடைத்தது, பணம் இல்லை. எடுக்கிற ஒவ்வொரு மனைக்கும் இழப்பீடு கொடுக்க வேண்டும், வீடு விற்ற பிறகுதான் பணம் வரும். இடைப்பட்ட காலத்துக்குக் கடன் தேவை. 1992-ல் ஃபோர்டு அறக்கட்டளை குறைந்த வட்டியில் 20 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. வாக்கெடுப்புக்கும் இந்தக் கடனுக்கும் நடுவே போன காலத்தில் நியூ இங்கிலாந்தின் வீட்டுச் சந்தை சரிந்தது. அது நிலத்தின் விலையை இறக்கியது, அதே நேரத்தில் கட்டுவதற்கு ஆள் கிடைப்பதையும் வங்கிக் கடன் கிடைப்பதையும் கடினமாக்கியது. 1992-ல் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் (அமெரிக்க மத்திய வங்கியின் வட்டாரக் கிளை) ஆய்வு ஒன்று, வருமானமும் கடன் வரலாறும் ஒரே மாதிரி இருந்தாலும் கறுப்பின, லத்தினோ விண்ணப்பதாரர்களின் வீட்டுக் கடன் அதிகமாக நிராகரிக்கப்படுகிறது என்று காட்டியது. டட்லிக்காரர்களுக்கு அது செய்தியே அல்ல.

முதல் வீடுகள் வின்த்ராப் எஸ்டேட்ஸ் என்ற பெயரில் 1990களின் நடுவில் எழுந்தன. தேவாலயக் கூட்டத்திலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய பத்து ஆண்டு.

வீடு உங்களுடையது, அடிமனை ஊருடையது

எடுத்த நிலத்தை டட்லி நெய்பர்ஸ் விற்கவில்லை. அது ஒரு சமூக நில அறக்கட்டளை. அந்த முறையை முதலில் 1969-ல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காக நியூ கம்யூனிட்டீஸ் என்ற அமைப்பு தொடங்கியது. வீட்டை வாங்குகிற குடும்பத்துக்குக் கட்டடம் சொந்தம். அடிமனை அறக்கட்டளைக்குச் சொந்தம், 99 ஆண்டுக் குத்தகை. குடும்பம் சிறு தரைவாடகை கட்டும். பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், சமையலறையை இடித்துக் கட்டலாம். ஆனால் தானே அங்கே குடியிருக்க வேண்டும், விற்கும்போது குத்தகையில் எழுதிய விலைச் சூத்திரப்படிதான் விற்க வேண்டும்.

அந்தச் சூத்திரம் என்ன செய்கிறது என்று கற்பனைக் கணக்கு ஒன்றில் பார்க்கலாம். ஒரு குடும்பம் ஒன்றரை லட்சம் டாலருக்கு வீடு வாங்குகிறது. பதினைந்து வருடம் கழித்துச் சுற்றுவட்டாரத்தில் அதே மாதிரி வீடு நான்கு லட்சம். சந்தை விலையில் விற்றால் இரண்டரை லட்சம் லாபம், ஆனால் அந்த வீட்டை அடுத்து வாங்குவது ஒரு மருத்துவராகவோ மென்பொருள் நிறுவன ஊழியராகவோ இருக்கும். சூத்திரம் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு ஏற்றத்தை மட்டும் அனுமதித்தால், விலை ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த குடும்பமும் பேருந்து ஓட்டுநர் குடும்பமாகவோ மருத்துவமனை உதவியாளர் குடும்பமாகவோ இருக்க முடியும். அரசும் அறக்கட்டளைகளும் அந்த மனையில் ஒரு முறை போட்ட மானியம் அடுத்தடுத்த குடும்பங்களுக்கும் வேலை செய்கிறது.

இதற்கு ஒரு கனமான மறுப்பு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அமெரிக்காவில் நடுத்தர வெள்ளைக் குடும்பங்களின் சொத்து பெரும்பாலும் வீட்டு விலை ஏற்றத்தில் வந்தது. இரண்டு தலைமுறையாக அது மறுக்கப்பட்ட கறுப்பின, லத்தினோக் குடும்பங்களுக்குக் கடைசியில் வீடு கிடைக்கும்போது, லாபத்துக்கு மட்டும் உச்சவரம்பா? என் பார்வையில் டட்லியின் முடிவு சரி. மானியமும் பொது நிலமும் இல்லாமல் அந்தக் குடும்பத்துக்கு அந்த வீடே கிடைத்திருக்காது, வாடகையாகப் போயிருக்கும் பணம் தவணையாகச் சேர்ந்து விற்கும்போது கையில் திரும்புகிறது. ஆனால் விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்பதை வாங்குகிற நாளிலேயே எண்ணோடு உட்கார்ந்து காட்ட வேண்டும். குத்தகைப் பத்திரத்தின் நாற்பதாவது பக்கத்தில் அது இருந்தால் போதாது.

இந்த ஏற்பாட்டின் மதிப்பு 2007-க்குப் பிறகு தெரிந்தது. வீட்டுக் கடன் நெருக்கடியில் ராக்ஸ்பரி, டார்செஸ்டர் தெருக்களில் வீடுகள் வரிசையாக வங்கி ஏலத்துக்கு வந்தன. சில வருடங்களுக்கு முன் கடனே தராத துறை, அப்போது ஏமாற்றுக் கடன்களை அதே தெருக்களில் கூவி விற்றிருந்தது. அறக்கட்டளை நிலத்து வீடுகளை அந்த அலை கிட்டத்தட்ட தொடவே இல்லை. அடிமனை அறக்கட்டளையிடம் இருப்பதால், வீட்டின் மேல் கடன் வாங்க அதன் சம்மதம் வேண்டும், மோசமான கடன் பத்திரம் அங்கேயே நின்றுவிடும். தவணை தவறினாலும், வங்கி ஏலம் அறிவிப்பதற்கு முன் அறக்கட்டளைக்குத் தகவல் வரும், பேச ஓர் ஆள் இருப்பார்.

இன்று அறக்கட்டளை நிலத்தில் 225-க்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. சொந்த வீடு, கூட்டுறவு வீடு, வாடகை வீடு என்று மூன்று வகையும் உண்டு. கட்டிய வேலையின் பெரும்பகுதி நுவெஸ்ட்ரா கொமுனிடாட், டார்செஸ்டர் பே போன்ற லாபநோக்கற்ற கட்டுமான அமைப்புகளுடையது. டிஎஸ்என்ஐ முக்கியமாக ஆட்களைத் திரட்டுவதையும் திட்டமிடுவதையும் வைத்துக்கொண்டது. வீட்டோடு பூங்கா, விளையாட்டுத் திடல், சமூகத் தோட்டங்கள், 10,000 சதுர அடிப் பசுமைக்குடில் ஒன்று. பழைய வீடுகளின் பெயிண்டிலிருந்து ஈயம் இறங்கிய மண் இது, எனவே தோட்டம் போட்ட இடங்களில் புது மண்ணும் உரமும் கொண்டுவந்து உயர்த்திய பாத்திகளில்தான் விளைவிக்கிறார்கள்.

கைகூடாதவை

வேகம். முப்பது வருடத்துக்கும் மேல், 225 வீடு. ஒரு தனியார் நிறுவனம் ஒரே கோபுரத்தில் இதைக் கட்டிவிடும். கூட்டம், மொழிபெயர்ப்பு, வாக்கெடுப்பு, பல இடத்து மானியம் என்று போகிற வேலைக்கு இந்த விலை உண்டு. அந்தப் பத்து வருடக் காத்திருப்பில் கிளம்பிப்போன குடும்பங்களுக்கு இந்த வெற்றி எந்த விதத்திலும் உதவவில்லை.

பரப்பு. அறக்கட்டளையின் பாதுகாப்பு அதன் நிலத்தின் எல்லையோடு நிற்கிறது. ஒரு தெரு தள்ளி, சாதாரண வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது கிடையாது. பகுதி சுத்தமாகி, பள்ளியும் சமூகக் கூடமும் வந்து, பேர் நல்லதானதும் தரகர்களும் வந்தார்கள். டட்லியின் வெற்றியே பக்கத்துத் தெருவின் வாடகையை ஏற்றுகிறது என்பது கசப்பான உண்மை. 30 ஏக்கரை மட்டும் காப்பாற்றியது போதாது. ஆனால் அன்றைய டட்லியால் அதற்கு மேல் எடுத்திருக்க முடியும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

வேலை. 1987 திட்டத்தில் வேலைவாய்ப்பும் உள்ளூர் வணிகமும் இருந்தன. வீட்டில் கிடைத்த அளவு வெற்றி அதில் கிடைக்கவில்லை. நிலம் எடுக்க ஓர் அதிகாரம் இருந்தது, சம்பளத்தை உயர்த்த அப்படி எதுவும் ஒரு தெரு அமைப்பின் கையில் கிடையாது. 2012-ல் மத்திய அரசின் பிராமிஸ் நெய்பர்ஹுட் நிதி வந்ததும் கவனம் பள்ளிக் கல்வி பக்கம் போனது. அதே ஆண்டு டட்லி ஸ்ட்ரீட் பெயரில் ஒரு பள்ளியும் திறந்தது.

மற்ற ஊர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது

டட்லியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் நில எடுப்பு அதிகாரத்தைத்தான் குறித்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வரிசை. முதலில் நிர்வாகக் குழுவில் இடம், பிறகு கண்ணுக்குத் தெரியும் ஒரு சிறிய வெற்றி, பிறகு நிலம், கடைசியில் வீடு. இதைத் தலைகீழாகச் செய்த ஊர்கள்தான் அதிகம்: முதலில் கட்டடம் கட்டி, திறப்பு விழா நடத்தி, அப்புறம் குடியிருப்போர் குழு அமைக்கிறார்கள். அந்தக் குழுவுக்கு முடிவெடுக்க எதுவும் மிச்சமிருக்காது, மாடிப்படி விளக்கு எரியவில்லை என்று புகார் எழுதுவதைத் தவிர.

இன்னொன்று காலம். 1988-ல் அந்த நிலம் யாருக்கும் வேண்டாதது. அதனால்தான் ஆணையம் கொடுத்தது, அதனால்தான் 20 லட்சம் டாலர் கடனில் வேலை தொடங்க முடிந்தது. பத்து வருடம் கழித்துக் கேட்டிருந்தால் பெரிய கட்டுமான நிறுவனங்கள் அதே மேசையில் எதிரே உட்கார்ந்திருக்கும். நலிந்த பகுதியில் நிலத்தைப் பொதுவில் நிறுத்தி வைக்க வேண்டிய நேரம், அது நலிந்திருக்கும்போதுதான். சீராகத் தொடங்கிய பிறகு விலை கைக்கு எட்டாது.

டட்லி சதுக்கத்தின் பெயரை 2019 டிசம்பரில் நூபியன் சதுக்கம் என்று மாற்றினார்கள். மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்த காலத்துத் தலைவர்களில் ஒருவரான தாமஸ் டட்லியின் பெயர் வேண்டாம் என்று பகுதி மக்கள் நீண்ட காலம் கேட்டு வந்தது அது. தெருவுக்கும் அமைப்புக்கும் அன்று பழைய பெயர்தான் நீடித்தது. இதற்குள் பாஸ்டனின் மற்ற பகுதிகளும் இதே முறையைக் கையில் எடுத்திருந்தன. சைனாடவுனில் 2015-ல் ஒரு சமூக நில அறக்கட்டளை தொடங்கியது. வரிசை வீடுகளை ஒவ்வொன்றாக, இன்றைய பாஸ்டன் சந்தை விலையில், நில எடுப்பு அதிகாரம் எதுவும் இல்லாமல் வாங்க வேண்டிய நிலை அவர்களுக்கு.